டிரஸர் பரஞ்சோதியும் ஒரு படித் தவிடும்

பாடாங் மேஹா பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரஸர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். ஆனால் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் "நம்ம டிரஸர்" என்று சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான். பரஞ்சோதி. நான் பிறந்தது ஜப்பான் சண்டை முடிந்த மறுவருஷம். அதனால் இதில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். மீதியெல்லாம் எங்கள் அப்பாவின் தங்கை வள்ளியம்மை அத்தையும், அவள் வீட்டுக்காரர் அய்யாவு மாமாவும், மாமாவின் அக்கா ராக்காயியும் சொன்னது. ராக்காயி முறைக்கு எனக்குப் பெரியம்மா. மூன்று பேரும் மூன்று விதமாகத் தொடங்குவார்கள். முடிவு மட்டும் மூன்று பேருக்கும் ஒன்று.

டிரஸர் ஆள் ஒல்லி. நடக்கும்போது வலது தோள் முன்னால் போகும், பின்னாலேயே உடம்பு வரும். படிப்பு ஏழாம் வகுப்பு. சுங்கைப் பட்டாணியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் பன்னிரண்டு வருஷம் கூட இருந்து பழகியவர். அந்த டாக்டர் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கன்னத்து உள்தோலைச் சுரண்டி வைத்து இவரைப் பார்க்கச் சொல்வாராம். உடம்பு ஒரே துண்டு இல்லை, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் கோடி கோடியாகச் சேர்ந்தது, அதற்குப் பெயர் செல் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதை அவர் மனசுக்குள் பூட்டி வைக்கவில்லை. புண்ணுக்கு மருந்து போட வந்தவனிடமும் சொல்வார், கள்ளு குடித்துவிட்டுச் சண்டையில் மண்டை உடைந்து வந்தவனிடமும் சொல்வார். மண்டை உடைந்தவன் என்ன கேட்டிருப்பானோ.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்கார டாக்டர் போய்விட்டார். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த நல்ல மருந்தையெல்லாம் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு புட்டி அயோடினும், கொஞ்சம் பஞ்சும், டிரஸர் கழுத்தில் தொங்கிய குழாயும்தான் மிச்சம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து டோக்கியோ நேரம் காட்டச் சொன்னார்கள். தோட்டமே தள்ளி வைத்தது. இவர் சட்டைப்பைக் கடிகாரத்தை மட்டும் தொடவில்லை. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கேட்டதற்கு, "நான் இதுல மணி பாக்கறதில்ல, ஆளுங்க மூச்சை எண்ணறேன். மூச்சுக்கு டோக்கியோ தெரியாது லா" என்றாராம்.

இனி அத்தை கதைக்கு வருகிறேன். வள்ளியம்மை அத்தைக்கு முதல் பிள்ளை ஆண். பிறந்து மூன்றாம் மாதம் திடீரென்று பால் குடிக்க மறுத்தது. மூச்சு நாய்க்கு இரைக்கிற மாதிரி இரைத்தது. டிரஸர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி என்று நினைத்து, கடுகுப் பற்றுப் போட்டு, சூடாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது. குழி மூடியபிறகு எல்லாரும் போய்விட, டிரஸர் மட்டும் நின்றாராம். அய்யாவு மாமாவிடம், "தம்பி, நான் எங்கயோ தப்பாப் பாத்துட்டேன். எங்கன்னு தெரியல. தெரிஞ்சா உன்கிட்டத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றார். தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன டிரஸரை மாமா அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அடுத்த வருஷம், நாற்பத்து நாலில், இரண்டாவது பிள்ளை. அதுவும் ஆண். மூத்தது தங்காமல் போன வீட்டில் நம் ஜனங்கள் செய்வதை ராக்காயி பெரியம்மா ஒன்று விடாமல் செய்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு இருளப்பனிடம் தூக்கிக் கொடுத்து, இனி இது உன் பிள்ளை என்று சொல்லி, பிறகு ஒரு படித் தவிடு அளந்து கொடுத்து அவனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். தவிட்டு விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் மதித்துப் பார்க்க மாட்டான் என்பது கணக்கு. பெயரும் பிச்சை என்று வைத்தார்கள். தவிட்டை இருளப்பன் அவன் கோழிகளுக்குப் போட்டுவிட்டான்.

ராக்காயி பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பிதான் எல்லாம். அந்த லயத்தில் பிரசவம் பார்க்கிறவளும் அவள்தான். அரிசி கண்ணில் படாத காலம் அது. எல்லார் வீட்டிலும் மரவள்ளிக் கிழங்கு, கேழ்வரகுக் கூழ், கிழங்குக் கொழுந்துக் கீரை. இந்தப் பெரியம்மா தன் கால் வெள்ளித் தண்டையைக் கழற்றிக்கொண்டு பக்கத்துக் கிராமமான கம்பத்துக்கு நடந்து போய், மலாய்க்கார அம்மா ஒருத்தியிடம் கொடுத்து நெல் வாங்கி வந்தாள். ஒரு தடவை இல்லை, தண்டை போனபிறகு கல்யாணச் சேலை, சேலை போனபிறகு பித்தளைக் குடம். அந்த நெல்லைக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தித் தீட்டி, மூன்றாம் தடவையும் தீட்டி, மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையாக்கி, ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, வடித்து, அந்தச் சோறு முழுவதும் வள்ளியம்மைக்கு. கூட மிளகு ரசம், சுட்ட கருவாடு. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, கூழ் மந்தம் என்று மற்ற எதையும் கிட்டே விடவில்லை. வழக்கமாக நாற்பது நாள் பத்தியம். மூத்தது போன பயத்தில் பெரியம்மா அதை மூன்று மாசமாக நீட்டினாள். அவளும் மாமாவும் தவிடும் குருணையும் போட்ட கூழைக் குடித்தார்கள்.

பிள்ளைக்கு மூன்றாம் மாசம் பிறந்தது. ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் ரப்பர் காட்டுக்குப் போன பிறகு, அத்தை பிள்ளையை மடியில் போட்டு மார்பைக் கொடுத்தாள். பிள்ளை வாயை எடுத்துவிட்டது. முகம் உப்பியிருந்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயை அகலமாகத் திறந்து அழுதது. அழுகை தெரிகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, தொண்டை நரம்பு புடைக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் தானும் வாயைத் திறந்து காட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். மூத்ததும் இப்படித்தான் போனது என்று அவளுக்குத் தெரியும்.

பெரியம்மா பூசாரிக்கு ஆள் அனுப்பினாள். சேதி கேட்டுக் காட்டிலிருந்து வந்த மாமா அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டிரஸர் வந்தார். கடிகாரத்தை எடுத்து மூச்சை எண்ணினார். குழாயை நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார். வெகு நேரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சளி இல்ல. காத்து நல்லாவே உள்ள போவுது. போன தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் சரியா கேக்கல."

பெரியம்மா, "காத்து போனா ஏன் இப்படி இரைக்குது? இது காத்து இல்ல டிரஸரையா, கருப்பு" என்றாள்.

அவர் அத்தையின் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்தபிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"வள்ளி, குந்தி உக்காந்து எந்திரி."

அத்தை குந்தினாள். எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்தும் முடியவில்லை. கால் மரத்துக் கிடந்தது, பத்து நாளாக அப்படித்தான், பிள்ளை பெற்ற உடம்பு என்று இருந்துவிட்டாள்.

"அய்யாவு, நீ."

மாமா குந்தி எழுந்தார்.

"ராக்காயி."

"என்னை எதுக்கு? எனக்கென்ன நோவு?"

"உக்காந்து எந்திரிம்மா."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயசு, விசுக்கென்று எழுந்துவிட்டாள்.

டிரஸர் அந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வீடு. ஒரே நெல்லு. யார் யாரு என்ன சாப்புடறீங்க, பானையோட காட்டு" என்றார்.

பெரியம்மாவுக்கு அதில் பெருமை. வெள்ளைச் சோற்றுப் பானையைத் திறந்து காட்டினாள். கூழ்ச் சட்டியைக் காட்ட வெட்கப்பட்டாள், அதையும் அவர் கேட்டு வாங்கிப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சட்டென எதுவோ புரிந்த மாதிரி அவர் முகம் மாறியது என்று மாமா சொல்வார்.

"முன்ன கடையில வாங்கினோமே ரங்கூன் அரிசி, அது புழுங்கல். நெல்லாவே போட்டு அவிக்கறப்பவே தவிட்டுச் சாரம் அரிசிக்குள்ள எறங்கிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் போவாது. நீ பச்சை நெல்லைக் குத்தித் தீட்டியிருக்க. சாரம் பூரா தவிட்டோட போச்சு. மிச்சம் இருந்ததை ஏழு தண்ணியில கழுவி ஊத்திட்ட. அந்தத் தவிட்டைத் தின்ன நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. இவளுக்கு ஒண்ணுமில்ல. இவகிட்ட இல்லாதது பால்ல எங்கருந்து வரும்?"

"நான் கொடுத்த சோறா?" என்றாள் பெரியம்மா. "என் தண்டையை வித்து, கை கொப்புளிக்கக் குத்தி, நான் போட்ட சோறா இந்தப் புள்ளைய கொல்லுது? நல்லாச் சொன்னீங்க டிரஸரையா. போன தடவை சளின்னீங்க. இந்தத் தடவை சோறுங்கறீங்க. அடுத்த தடவை என்ன சொல்லுவீங்க?"

மாமா, "அக்கா" என்று அதட்டினார். டிரஸர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அவ கேக்கறது நியாயம். ராக்காயி, இங்க வா. அடுப்புல விறகு வை."

அடுப்பு அணைந்து சாம்பல் ஆறிக் கிடந்தது. அவள் ஒன்றும் புரியாமல் இரண்டு ரப்பர் விறகை வைத்தாள்.

"ஊது."

ஊதாங்குழலை எடுத்து ஊதினாள்.

"இன்னும் வேகமா ஊது. நிறுத்தாத."

ஊதினாள். சாம்பல் பறந்து அவள் முகத்தில் அப்பியது. மூச்சு வாங்கியது. குழலைக் கீழே போட்டாள்.

"பைத்தியமா உங்களுக்கு? கங்கு இல்லாம ஊதினா எப்படிப் பத்தும்?"

"விறகு இருக்கு. காத்தும் வருது. பத்தல. நீ எவ்வளவு வேகமா ஊதினாலும் பத்தாது, உனக்குத்தான் இரைக்கும்." பிள்ளையைக் காட்டினார். "அதான் அங்க நடக்குது. மூச்சு வேற, எரியறது வேற. நெஞ்சுல காத்து போறதோட வேலை முடியல. உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு மாதிரி. ஒவ்வொரு வீட்டுலயும் ஓர் அடுப்பு. சாப்பாடு விறகு, மூச்சுக் காத்து ஊதறது. ரத்தம் ரெண்டையும் வீடு வீடா கொண்டு போட்டுட்டு, புகையை வாரிட்டு வந்து நெஞ்சு வழியா வெளிய விடும். அந்த அடுப்பு எரிஞ்சாத்தான் கை அசையும், சூடு இருக்கும். இதயம் ஒரு நிமிஷம் குந்தறதில்ல, அதுக்கு அடுப்பு அணைஞ்சா முதல்ல அதுதான் தள்ளாடும். நரம்பு தளரும், தொண்டை நரம்பு தளர்ந்தா சத்தம் நிக்கும். தவிட்டுல இருக்கற சாரம்தான் கங்கு. கங்கு இல்லாத புள்ள, காத்து பத்தலன்னு நெனச்சு ஊது ஊதுன்னு ஊதுது."

என் தம்பி மகள் சந்திரிகா கூலிமில் அறிவியல் டீச்சராக இருக்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள்தான் சொன்னாள், அவர் அன்றைக்குச் சொன்னது பெரும்பாலும் சரியாம். சோறு சர்க்கரையாகிச் செல்லுக்குள் போகும். செல் அதை இரண்டாக உடைக்கும்போது கிடைக்கிற சக்தி கொஞ்சம்தான். உடைந்தது மைட்டோகாண்ட்ரியா என்ற உள் அறைக்குள் போய், காற்றோடு சேர்ந்து எரிந்தால்தான் நிறையக் கிடைக்கும். கிடைத்ததை ஏடிபி என்று சின்னச் சின்னதாகப் பிடித்து வைத்து, எங்கே வேலை நடக்கிறதோ அங்கே செலவழிக்கும். நாம் ரப்பர் மரத்துப் பாலைச் சின்னக் கிண்ணங்களில் மங்கு மங்காகப் பிடிக்கிறோமே, அப்படி. அந்த உள் அறையின் வாசலைத் திறக்கிற வேலைக்குத் தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் வேண்டும். அது இல்லாவிட்டால் உடைந்த சரக்கு வாசலுக்கு வெளியே தேங்கிப் புளித்துவிடும். அதைக் கேட்டதும் எனக்கு மங்கில் புளித்து உறைந்த ரப்பர் பால்தான் ஞாபகம் வந்தது. டிரஸர் கங்கு என்றார், இவள் வாசல் என்கிறாள். பிள்ளைக்குத் தேவைப்பட்டது என்னவோ ஒன்றுதான்.

சரி, அடுப்படிக்கு வருகிறேன். பெரியம்மா முகத்துச் சாம்பலைத் துடைக்காமல் நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"புள்ள பெத்தவளுக்கு மாட்டுத் தீனியா டிரஸரையா? நாளைக்கு லயத்துல என்ன பேசுவாங்க?"

"இந்தப் புள்ளைய நீ எதைக் கொடுத்து வாங்கின?"

பெரியம்மா பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு படித் தவிடு. வாங்கினியா இல்லையா? அந்தத் தவிட்டை யாரு தின்னா?"

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இருளப்பன், "என் கோழிங்க, ஐயா. நல்லா முட்டை வைக்குதுங்க" என்றான்.

"கேட்டியா? விலை கொடுத்தது சரி. போய்ச் சேர வேண்டிய வாய்க்குப் போகல. இப்ப அவ வாய்க்குக் கொடு. இன்னொரு படி இருக்கா?"

பெரியம்மா கூடத்து மூலையில் இருந்த தவிட்டுக் கூடையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அந்த நேரம் பூசாரி உடுக்கையோடு வந்து சேர்ந்தார். பெரியம்மாவே அவரை, "சாமி, கொஞ்சம் இருங்க, ஐயா முடிக்கட்டும்" என்று உட்கார வைத்துவிட்டாள்.

டிரஸர் தவிட்டைச் சலித்தார். உமி நீக்கினார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மெல்லிய தீயில் சுண்டவைத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு மங்கு அளவு வந்தது. முதல் வாய் அவர் குடித்தார். கசப்பு, மூஞ்சி சுருங்கியது. அடுத்ததை அத்தைக்குக் கொடுத்தார். பிறகு பஞ்சை அதில் நனைத்து, பிள்ளையின் நாக்கில் ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஐந்து சொட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஐந்து சொட்டு. வயிற்றில் நிற்காமல் கக்கியது. மறுபடி விட்டார். பிள்ளையின் மூச்சைவிட அவர் பொறுமை நீளமாக இருந்தது என்பாள் அத்தை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கடிகாரத்தை எடுத்து எண்ணினார். மதியம் எண்பதுக்கு மேல் ஓடிய மூச்சு அறுபதுக்கு இறங்கியிருந்தது. உதட்டு நீலம் வெளுத்திருந்தது. பிள்ளை மார்பைப் பிடித்தது. ஆனால் அழும்போது அதே ஊமை வாய்தான்.

"சத்தம் வரலையே ஐயா" என்றார் மாமா.

"நரம்பு மெதுவாத்தான் எந்திரிக்கும். வருமான்னு கேட்டா எனக்குத் தெரியாது தம்பி. கொடுத்துக்கிட்டே இருங்க."

இரண்டாம் நாள் சத்தமில்லை. மூன்றாம் நாளும் இல்லை. பெரியம்மா நாளுக்கு மூன்று தடவை தவிட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். வெள்ளைச் சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அத்தைக்குத் தவிட்டுக் கூழும் பச்சைப் பயறும் கீரையும் தானே ஊட்டினாள். லயத்தில் யாரோ, "பத்தியக்காரிக்குக் கோழித் தீனி போடறா" என்று சொன்னதற்கு, "உன் வீட்டுக்கும் கொண்டாறேன், உனக்கும் மூளை வளரட்டும்" என்றாளாம். டிரஸர் காலையிலும் மாலையிலும் வந்து எண்ணிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலை. பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி, ஜப்பான்கார மேனேஜருக்குக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த நேரம். லயத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம். முதலில் கதவு கீல் மாதிரிக் கரகரத்தது. பிறகு விட்டது. பிறகு நெஞ்சைக் கிழித்துக்கொண்டு ஓங்கி வந்தது. வரிசையில் நின்ற அய்யாவு மாமா, மற்ற எல்லாரும் நிமிர்ந்த பிறகும் குனிந்தபடியே இருந்தார். மேனேஜர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனான்.

இதற்கப்புறம் டிரஸர் சும்மா இருக்கவில்லை. கம்பத்து நெல் எந்த வீட்டுக்கு வந்தாலும் குத்துவதற்கு முன் அவிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார். அத்தனை பெரிய பாத்திரம் யாரிடமும் இல்லை. வேலை நின்று கிடந்த ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் காலி எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கண்டுபிடித்து, மணலும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்து, அதில் எல்லார் நெல்லையும் சேர்த்து அவிக்க ஏற்பாடு செய்தார். கால் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு பேருக்குத் தவிட்டுத் தண்ணீர்தான் மருந்து. அதில் ஒருவர் தங்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்று பேர் எழுந்து வீட்டுக்கு நடந்தே போனார்கள்.

பிச்சை அத்தான் வளர்ந்து கோலா கெடாவிலிருந்து மீன் ஏற்றி வந்து தோட்டம் தோட்டமாக விற்றார். அவர் லாரி வருவதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். ஹாரன் அடித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் பெரியம்மா எப்போதும் சொல்லி முடிப்பது நாலாம் நாள் சாயங்காலத்தோடுதான். பிள்ளை அழுது அழுது தூங்கிய பிறகு, அவள் முகம் கழுவி, பொட்டில்லாத நெற்றியில் திருநீறு பூசி, மரக்காலில் நெல்லைப் போடுகிற மாதிரிப் படியில் தவிட்டைத் தலை தட்டாமல் கூம்பாக அளந்து, முந்தானையால் மூடிக்கொண்டு மேட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டிரஸர் வாசலில் உட்கார்ந்து பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்தார். படியை அவர் முன்னால் வைத்தாள்.

"இருளப்பன்கிட்ட வாங்கினது செல்லாது டிரஸரையா. இந்தத் தடவை சரியான ஆளுகிட்ட வாங்கிக்கிறேன். எடுத்துக்கிட்டு, பிள்ளைய எனக்குக் கொடுத்தேன்னு சொல்லுங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாளாம். சிரிக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் படியை வாங்கினார். "கொடுத்தேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, கால் வீங்கிப் படுத்திருந்த ஆட்களைப் பார்த்து, "தண்ணி காயுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.